வேறு நாட்டு வோல்டேஜ் சமையலறைச் சாதனங்களை வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவது: முழுமையான வழிகாட்டி

நாடு மாறும்போது மிக்ஸி, கெட்டில், டோஸ்டர் எல்லாம் பெட்டியில் ஏறிவிடும். போய் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் (வோல்டேஜை ஏற்றவோ இறக்கவோ செய்யும் பெட்டி) வாங்கிவிடுவார்கள். சாதனத்தின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அதற்கப்புறம்தான். தப்பு தொடங்குவதே அந்த வரிசையில்தான். டிரான்ஸ்ஃபார்மர் இந்த வேலையில் ஐந்தாவது படி. முதல் நான்கு படிகளை முடிப்பதற்குள், கையில் இருக்கும் சாதனங்களில் பாதியை ஓட்டவே வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

உலகத்து வீட்டு மின்சாரத்தைத் தோராயமாக இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒன்று 100 முதல் 127 வோல்ட் வரை: அமெரிக்கா, கனடா 120, ஜப்பான் 100. இன்னொன்று 220 முதல் 240 வரை: இந்தியா, இலங்கை, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எல்லாம் இதில் வரும். இந்த வழிகாட்டி இரண்டு திசைக்கும் பொருந்தும். திசை மாறினால் எது மாறும் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர் (வோல்டேஜ் போன்றவற்றை அளக்கும் கருவி), டார்ச், ஒரு பழைய குண்டு பல்பு (சாதனத்தின் வோல்டேஜுக்கு ஏற்றது), எழுதி ஒட்ட லேபிள்.

1. தகட்டைப் படியுங்கள்

ஒவ்வொரு சாதனத்திலும் அடியிலோ பின்பக்கமோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதிலிருந்து மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வோல்ட், ஹெர்ட்ஸ் (மின்சார அலை நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்ற எண்), வாட். வாட் இல்லாமல் ஆம்பியர் மட்டும் இருந்தால் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள். 120 வோல்ட், 8 ஆம்பியர் என்றால் 960.

"100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருந்தால் வேலை முடிந்தது. அது எந்த நாட்டிலும் ஓடும், பிளக்கை மாற்றினால் போதும். சார்ஜரோடு வரும் கையடக்க பிளெண்டர், எடை இயந்திரம் போன்றவை பெரும்பாலும் இந்த வகைதான்.

"120 வோல்ட்", "220-240 வோல்ட்" என்று ஒரு கூட்டத்துக்கு மட்டும் எழுதியிருந்தால் அது ஒற்றை வோல்டேஜ் சாதனம். இதில் 220-240 என்பதைப் பார்த்து "ரெண்டுக்கும் ஓடும் போல" என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை, இரண்டு எண்ணும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை.

சில சாதனங்களில் 110/220 என்று மாற்றும் சிறிய சுவிட்ச் பின்னால் இருக்கும். பிளக்கைச் செருகுவதற்கு முன்பே அதை மாற்றிவிட வேண்டும்.

வெளியே தனி அடாப்டர் வழியாக ஓடும் சாதனம் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் யோசனையே வேண்டாம். அடாப்டரை மட்டும் மாற்றுங்கள். வெளிவரும் டி.சி. வோல்டேஜும் முனையின் பிளஸ் மைனஸும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் "பீக்" வாட்டையோ ஹார்ஸ் பவரையோ நம்பிக் கணக்குப் போடாதீர்கள். விற்பதற்கான எண் அது. தகட்டில் இருப்பதுதான் கணக்கு.

2. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஒரே வாட் உள்ள இரண்டு சாதனங்கள் தவறான மின்சாரத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஆகவே ஒவ்வொன்றும் எந்த வகை என்று பிரித்துவையுங்கள்.

சூடாக்கும் காயில்: கெட்டில், டோஸ்டர், சாதாரண ரைஸ் குக்கர், எலக்ட்ரிக் அடுப்பு. காயிலின் மின்தடை ஏறக்குறைய மாறாதது. அதனால் வோல்டேஜ் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 120 வோல்ட்டுக்கான 1000 வாட் டோஸ்டரை 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அது சுமார் 3670 வாட் இழுக்கும். காயில் சில நொடிகளில் போய்விடும், போகிற வழியில் தீயும் வைக்கலாம். எதிர்த் திசையில் ஆபத்து குறைவு, பயனும் இல்லை. 230 வோல்ட்டுக்கான 1500 வாட் கெட்டில் 120 வோல்ட்டில் 400 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். தண்ணீர் வெதுவெதுப்பாகும், கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

கார்பன் பிரஷ் மோட்டார்: பெரும்பாலான மிக்ஸிகள், பிளெண்டர்கள், கைப்பிடி பீட்டர்கள். கடகடவென்று சத்தம் போட்டு அதிவேகமாகச் சுற்றுவது, காற்றுத் துளை வழியே பார்த்தால் சிறு தீப்பொறி தெரிவது, இவைதான் அடையாளம். இவற்றுக்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை, வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும். எடுத்துப் போக லாயக்கான சாதனங்கள் என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன்.

இண்டக்‌ஷன் மோட்டார்: ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், பெரும்பாலான மேஜைக் கிரைண்டர்கள், சில மெதுவான ஜூஸர்கள். சத்தம் குறைவு, சீரான வேகம், கனம் அதிகம். இவற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது ஹெர்ட்ஸ். தொடங்கும் நொடியில் சாதாரண ஓட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும்.

எலக்ட்ரானிக் பலகை உள்ளவை: டிஜிட்டல் காட்சி, டச் பொத்தான், டைமர் உள்ள எல்லாமே. ஒரு கெட்டிலில் வெப்பநிலை காட்டும் திரை இருந்தால் அது வெறும் காயில் சாதனம் அல்ல. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

கலவையானவையும் உண்டு. எஸ்பிரெசோ இயந்திரத்தில் 1000 வாட்டுக்கு மேல் காயில், மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்பத் துடிக்கும் சிறு பம்ப், ஒரு பலகை என மூன்றும் இருக்கும். கலவையானதை அதில் உள்ளவற்றிலேயே மிகத் தொல்லையான வகையாகக் கணக்கில் எடுங்கள்.

3. ஹெர்ட்ஸைத் தனியாகச் சரிபாருங்கள்

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே மாற்றும். 50 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 50 ஹெர்ட்ஸ்தான் வெளியே வரும். இது தெரியாமல் "வோல்டேஜ் சரியாத்தானே இருக்கு, ஏன் சூடாகுது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

60 ஹெர்ட்ஸ் இண்டக்‌ஷன் மோட்டாரை 50-இல் ஓட்டினால் இரண்டு விஷயம் நடக்கும். வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். அதைவிட மோசம், இரும்பு உள்ளகத்தில் காந்தப்புலம் 20 சதவீதம் கூடி அளவு மீறும். அந்த மிகுதி மோட்டாரை அளவுக்கு மேல் சூடாக்கும். சற்று நேரம் ஓடும் சாதனம் தப்பிக்கலாம். நாள் முழுக்க ஓடும் ஃபிரிட்ஜ் தப்பிக்காது. மாறாக, 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை 60-இல் ஓட்டினால் வேகம் 20 சதவீதம் கூடும், இழுவிசை குறையும். சூடு பெரும்பாலும் பிரச்சினையாகாது. ஆனால் கெட்டியான சுமையைத் தொடங்கத் திணறலாம்.

பழைய வகை மைக்ரோவேவ் ஓவனைப் பற்றி விவாதமே வேண்டாம், விட்டுவிடுங்கள். அதன் உயர் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரும் கபாசிட்டரும் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்காகவே அளவெடுத்தவை. ஜப்பானில் ஒரே நாட்டுக்குள் கிழக்கே 50, மேற்கே 60 ஹெர்ட்ஸ். அதனால் அங்கே உள்நாட்டிலேயே வீடு மாறுபவர்கள்கூட மைக்ரோவேவின் தகட்டைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். திறந்து பார்த்து மாற்றலாம் என்ற யோசனையும் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் கபாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

மின்சாரத்தின் ஹெர்ட்ஸை எண்ணி நேரம் காட்டும் கடிகாரங்களும் உண்டு. 60 ஹெர்ட்ஸ் கடிகாரம் 50-இல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிடம் பின்தங்கும். சாதனம் கெடாது, டைமர் மட்டும் பொய் சொல்லும்.

4. சுவர் சாக்கெட் எவ்வளவு தரும் என்று கணக்கிடுங்கள்

டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. சுவரிலிருந்து கிடைப்பதைத்தான் வடிவம் மாற்றிக் கொடுக்கிறது, அதிலும் கொஞ்சத்தைச் சூடாக இழக்கிறது.

கணக்கு எளிது: சுவரின் வோல்ட் × சாக்கெட்டின் ஆம்பியர். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் சாக்கெட் 3680 வாட் தரும். 6 ஆம்பியர் சாக்கெட் 1380 வாட்தான். அமெரிக்க வீட்டின் 15 ஆம்பியர் சுற்று 1800 வாட் தரும் என்றாலும், தொடர்ந்து ஓடும் சுமைக்கு 80 சதவீதம், அதாவது 12 ஆம்பியர் அல்லது 1440 வாட் என்று வைத்துக்கொள்வதே முறை. அங்கே விற்கும் கெட்டிலும் டோஸ்டரும் பெரும்பாலும் 1500 வாட்டுக்குள் நிற்பது இதனால்தான்.

இப்போது 2200 வாட், 230 வோல்ட் கெட்டிலை அங்கே ஓட்ட நினைத்தால்? 2200-ஐ 120-ஆல் வகுத்தால் 18 ஆம்பியருக்கு மேல். எவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் சுவரின் பிரேக்கர் விழும். இந்தக் கணக்கைப் போடாமல் 3000 வாட் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி வந்து மூலையில் வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

அதே சுற்றில் வேறு என்ன ஓடுகிறது என்பதையும் பாருங்கள். சமையலறையின் இரண்டு சாக்கெட்டுகள் ஒரே பிரேக்கரில் இருக்கலாம். ஒன்றில் ரைஸ் குக்கர் ஓடும்போது மற்றதில் முழு 1440 வாட் கிடைக்காது.

5. இப்போது டிரான்ஸ்ஃபார்மரைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் எதை வாங்கக் கூடாது என்று பார்ப்போம். பயணக் கடைகளில் உள்ளங்கையில் அடங்கும் கன்வெர்ட்டர் கிடைக்கும், அதில் 1600 வாட், 2000 வாட் என்று எழுதியிருக்கும். அது டிரான்ஸ்ஃபார்மர் அல்ல. மின்சார அலையை அங்கங்கே வெட்டிச் சராசரி வோல்டேஜைக் குறைக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச். வெறும் காயில் உள்ள சிறு சாதனத்தைச் சில நிமிடம் ஓட்ட அது போதும். மோட்டாரும் பலகையும் அந்த வெட்டிய அலையைத் தாங்காது. சமையலறைக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. எடையை வைத்தே கண்டுபிடிக்கலாம்: 1000 வாட்டுக்கான உண்மையான டிரான்ஸ்ஃபார்மரை ஒரு விரலில் தூக்க முடியாது, சில கிலோ இருக்கும்.

பிளக் அடாப்டரும் வோல்டேஜை மாற்றாது, முனையின் வடிவத்தை மட்டும் மாற்றும். பிளக் அடாப்டரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் குழப்பிக்கொள்வதால் நிறையச் சாதனங்கள் எரிகின்றன.

அடுத்து திசை. 230-இலிருந்து 120-க்கு என்றால் ஸ்டெப் டவுன், எதிர்த் திசைக்கு ஸ்டெப் அப். சில பெட்டிகள் இரண்டும் செய்யும், உள்வரும் வோல்டேஜைத் தேர்ந்தெடுக்க ஒரு சுவிட்ச் இருக்கும். 230 வோல்ட் வீட்டில் அதை 110-இல் வைத்துச் செருகினால் வெளியே இரு மடங்கு வோல்டேஜ் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் மட்டும் போகும். சுவிட்சைச் சரியான பக்கம் வைத்ததும் அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

அளவு. காயில் சாதனத்துக்குத் தகட்டு வாட்டின் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு. பிரஷ் மோட்டாருக்கு இரண்டு மடங்கு: 750 வாட் மிக்ஸிக்கு 1500, கெட்டியாக அரைப்பவர் என்றால் 2000. ஜாருக்குள் பிளேடு திணறும் நொடியில் மோட்டார் இழுப்பது தகட்டில் உள்ளதைவிட மிக அதிகம் என்பதே காரணம். ஃபிரிட்ஜ் போன்ற இண்டக்‌ஷன் மோட்டாருக்கு ஐந்தாறு மடங்கு வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரின் தகட்டில் "தொடர்ச்சியாக" எவ்வளவு தாங்கும் என்றும் பாருங்கள். மலிவானவற்றில் பெரிதாக எழுதியிருக்கும் எண் சில நிமிடங்களுக்கானதாக இருக்கலாம். அரை மணி நேரம் ஓடும் குக்கருக்கு அது உதவாது.

110, 115, 120 என்ற எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 220-இலிருந்து 110 தருவதும் 230-இலிருந்து 115 தருவதும் ஒரே இரண்டுக்கு ஒன்று விகிதம். சுவரில் 240 இருந்தால் அதுவே 120 தரும். ஆனால் ஜப்பானின் 100 வோல்ட் வேறு கதை. அதற்கென 100 வோல்ட் வெளியீடு உள்ளதை வாங்க வேண்டும். ஜப்பானிய பிளக் அமெரிக்க சாக்கெட்டில் அப்படியே பொருந்திவிடும், அதனால் யோசிக்காமல் செருகிவிடுகிறார்கள். 100 வோல்ட் காயிலுக்கு 120 கொடுத்தால் 44 சதவீதம் கூடுதல் வெப்பம். உடனே எரியாவிட்டாலும் ஆயுள் குறையும்.

உள்ளமைப்பிலும் இரண்டு வகை. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் உள்வரும் பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே காயிலைப் பகிர்ந்துகொள்ளும். எடையும் விலையும் குறைவு, வீட்டு உபயோகத்துக்கு விற்பவற்றில் பெரும்பகுதி இதுதான். தனிமைப்படுத்தும் வகையில் இரண்டு காயில்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. 230-ஐ 120 ஆக்கும் ஆட்டோ வகையில் ஃபேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (திரும்பிப் போகும் கம்பி) இடம் மாறிப் போனால், 120 வோல்ட் சாதனத்தின் ஒரு கம்பி பூமியைப் பொறுத்து 230 வோல்ட்டில் நிற்கும். திருப்பிச் செருகக்கூடிய பிளக் உள்ள நாடுகளில் இது எளிதாக நடக்கும். தனிமைப்படுத்தும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் மின்கசிவு நடந்தால் வீட்டின் ஆர்.சி.சி.பி. (கசிவு தெரிந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அதைக் கண்டுகொள்ளாது.

எதை வாங்கினாலும் வெளிப்பக்கத்துக்குத் தனி ஃபியூஸோ பிரேக்கரோ உள்ளதையே வாங்குங்கள். சுவரின் 16 ஆம்பியர் பிரேக்கர் விழுவதற்குள் 120 வோல்ட் பக்கத்தில் 30 ஆம்பியருக்கு மேல் ஓடிவிடும். சாதனத்தின் ஒயர் அதற்கானது அல்ல.

6. எர்த்தை விட்டுவிடாதீர்கள்

மூன்று முனை உள்ள சாதனத்துக்குச் சுவர் முதல் சாதனம் வரை எர்த் தொடர வேண்டும். இரண்டு முனை அடாப்டர் ஒன்று நடுவில் வந்தால்கூட அந்தத் தொடர் அறுந்துவிடும். சாதனம் வழக்கம்போல ஓடும், உலோக உடலில் கசிவு வரும் நாள் வரை எதுவும் தெரியாது.

பிளக் செருகாத நிலையில், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, டிரான்ஸ்ஃபார்மர் பிளக்கின் எர்த் முனையிலிருந்து அதன் வெளி சாக்கெட்டின் எர்த் துளை வரை சோதியுங்கள். பீப் வரவில்லை என்றால் அந்தப் பெட்டியில் உலோக உடல் சாதனத்தை ஓட்ட வேண்டாம். சதுரத்துக்குள் சதுரம் குறி உள்ள சாதனம் இரட்டைக் காப்பு கொண்டது, அதற்கு எர்த் தேவையில்லை.

பிரிட்டிஷ் பிளக்கை வெட்டி வேறு பிளக் மாட்டுவதாக இருந்தால், அதற்குள் ஒரு ஃபியூஸ் இருந்தது நினைவிருக்கட்டும். அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

7. முதல் முறை இயக்கும் வரிசை

டிரான்ஸ்ஃபார்மரைச் சாதனம் இல்லாமல் சுவரில் செருகுங்கள். மெல்லிய உம்ம் சத்தம் சாதாரணம். போடும் நொடியில் சுவரின் பிரேக்கர் விழுந்தால் பதற வேண்டாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் காந்தமேறும்போது ஒரு கணம் மிகுதியாக இழுக்கும். திரும்பத் திரும்ப விழுந்தால் எலக்ட்ரீஷியனிடம் சி வகை எம்.சி.பி. (ஒரு கண மிகுதி இழுப்பைத் தாங்கும் பிரேக்கர்) பற்றிக் கேளுங்கள், நீங்களாகப் பெரிய ஆம்பியர் போடாதீர்கள்.

வெளி வோல்டேஜை அளந்து பாருங்கள். சுமை இல்லாதபோது எழுதியிருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும், அது சரிதான். 230-ஐக் குறைக்கும் ஆட்டோ வகை என்றால் இரண்டு துளைகளையும் எர்த்தோடு தனித்தனியாக அளவிடுங்கள். ஒன்றில் பூஜ்யத்துக்கு அருகேயும் மற்றதில் 115-க்கு அருகேயும் வந்தால் சரி. 115-உம் 230-உம் வந்தால் ஃபேஸ் மாறியிருக்கிறது, பிளக்கைத் திருப்புங்கள், அல்லது சாக்கெட்டின் இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு குண்டு பல்பு. இயல்பான வெளிச்சம் என்றால் மேலே போகலாம். கண் கூசினால் நிறுத்துங்கள். எரிந்துபோவதாக இருந்தால் பல்பே போகட்டும்.

கடைசியாகத்தான் சாதனம். முதலில் வேகம் குறைவாக, ஜார் காலியாக. பத்து நிமிடம் ஓடிய பின் (மிக்ஸி என்றால் அதன் கையேடு சொல்லும் இடைவெளி விட்டு) டிரான்ஸ்ஃபார்மரின் மேற்புறத்தையும் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடோ வார்னிஷ் எரியும் வாசனையோ வந்தால் அளவு போதவில்லை. பிளக் மட்டும் சூடானால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது.

8. அன்றாடப் பழக்கம்

டிரான்ஸ்ஃபார்மர் சுவரில் செருகியிருக்கும் வரை, சாதனம் ஓடாவிட்டாலும் மின்சாரம் தின்னும். வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அலமாரிக்குள் மூடி வைக்காதீர்கள், காற்று வேண்டும். சிங்க் பக்கமும் வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாதது என்றால் 230 வோல்ட் பக்கத்தில் பயன்படுத்துங்கள், அங்கே அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதிதான்.

பல டிரான்ஸ்ஃபார்மர்களின் வெளி சாக்கெட் எந்த பிளக்கையும் ஏற்கும், சிலவற்றில் 110, 220 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தெரியாது. பயன்படுத்தாத துளையை அடைத்து, சாதனத்தின் பிளக்கிலேயே "120 மட்டும்" என்று லேபிள் ஒட்டுங்கள்.

9. 120 வோல்ட் வீட்டில் தனி 240 லைன்

அமெரிக்க, கனடிய வீடுகளில் ஓவனுக்கும் துணி உலர்த்திக்கும் 240 வோல்ட் ஏற்கெனவே வருகிறது. எலக்ட்ரீஷியனை வைத்து சமையலறைக்கு ஒரு 240 சாக்கெட் போட்டுக்கொண்டால், பெரிய 230 வோல்ட் கெட்டிலும் குக்கரும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே முழு வேகத்தில் ஓடும். சொந்த வீடு, நீண்ட காலம் இருக்கப் போகிறீர்கள் என்றால் இதுதான் நல்ல வழி. வாடகை வீட்டில் உரிமையாளரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வித்தியாசங்கள் இரண்டு. ஹெர்ட்ஸ் 60 தான், மூன்றாம் பகுதியில் சொன்னதெல்லாம் இங்கும் பொருந்தும். அப்புறம், இந்த 240-இல் நியூட்ரல் கிடையாது. இரண்டு கம்பியிலும் பூமியைப் பொறுத்து 120 வோல்ட் இருக்கும். சாதனத்தின் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பதாக இருந்தால், அணைத்த பிறகும் உள்ளே காயில் வரை மின்சாரம் இருக்கும். கழுவவோ துடைக்கவோ தொடும் முன் பிளக்கையே கழற்றிவிடுங்கள்.